நிக்கோலா டெஸ்லா

புதுமை ஒன்றைக் கண்டுபிடிப்பவர் பலர். அப்புதுமையால் பின்னாளில் நேரக்கூடிய இடையூற்றையும் முன்னரே உணர்ந்து, அதற்கு மாற்றும் தேடி வைப்பவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் நிக்கோலா டெஸ்லா. இன்று நம் இல்லங்களில் விளக்கு எரியவும், ஆலைகளில் பொறிகள் சுழலவும் பயன்படும் மாற்று மின்னோட்ட முறைக்கு அடிகோலியவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. ஆனால், கம்பியின் தொடர்பே இன்றித் தொலைவிலிருந்து ஓர் ஊர்தியைச் செலுத்தும் கலையின் முன்னோடியும் அவரே என்பதை அறிந்தோர் சிலர். அக்கலை பிறந்த காலத்திலேயே அதன் பெரும்பகை எது என்பதை அவர் கண்டுகொண்டார் என்பதை அறிந்தோர் அவரினும் சிலர்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் தென்கிழக்கே, இன்று குரோவேசியா என வழங்கும் நாட்டில் ஸ்மில்யான் என்னும் சிற்றூர் உள்ளது. அக்காலத்தில் அஃது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவ்வூரில் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் டெஸ்லா பிறந்தார். தந்தையார் மிலுட்டின், செர்பியத் திருச்சபையைச் சேர்ந்த குருவர், கற்றறிந்தவர். தாயார் ஜூகா எழுத்தறியாதவர். எனினும், வீட்டிற்கு வேண்டிய சிறு கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளும் திறன் அவருக்கு இருந்தது. தம் நாட்டுப் பழங்கதைப் பாடல்களைப் பிறழாது நினைவில் வைத்திருக்கும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. தம்மிடம் அமைந்த நினைவாற்றலும், புதியன புனையும் திறனும் அன்னையார் தந்த செல்வமே என்று டெஸ்லா பிற்காலத்தில் நன்றியுடன் குறித்துள்ளார்.

மகனும் தம்மைப் போலவே குருவராதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் உள்ளமோ பொறியியலை நாடியது. 1873இல் பள்ளிப்படிப்பு முடிந்து வீடு திரும்பிய டெஸ்லாவை வாந்திபேதி நோய் பற்றியது. ஒன்பது திங்கள் அவர் படுக்கையில் கிடந்தார். பிழைப்பாரோ மாட்டாரோ என்று பெற்றோர் கலங்கினர். அந்நிலையில், தாம் பொறியியல் கற்க இசைவு கிடைப்பின் உடல் தேறக்கூடும் என்று மகன் தந்தையாரிடம் கூறினார். உயிரினும் பெரிதாக மகனைக் கருதிய தந்தையார் மனமுவந்து வாக்களித்தார். நோய் நீங்கியது. 1875இல் டெஸ்லா ஆஸ்திரியாவில் உள்ள கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

சுழலும் காந்தப் புலம்

கல்லூரியில் ஒருநாள் ஆசிரியர் நேர் மின்னோட்டத்தால் இயங்கும் பொறி ஒன்றை மாணவர்க்கு இயக்கிக் காட்டினார். அதன் தூரிகைகள் உராயும் இடத்தில் தீப்பொறிகள் ஓயாது சிதறின. இவ்வுறுப்பே இல்லாமல் பொறியை இயக்க இயலாதா என்று டெஸ்லா வினவினார். இயலவே இயலாது என்று ஆசிரியர் விரிவாக விளக்கினார். மாணவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். ஆயினும் அவ்வினா அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஏழாண்டுகட்குள் விடை கிடைத்தது. 1882இல் புதாபெஸ்த் நகரப் பூங்கா ஒன்றில் நண்பருடன் மாலைப்பொழுதில் உலவிக்கொண்டிருந்தபோது, மாற்று மின்னோட்டத்தைக் கொண்டே காந்தப் புலத்தைச் சுழலச் செய்யலாம் என்னும் கருத்து அவருக்கு மின்னலென உதித்தது. கையிலிருந்த கோலால் மணலிலேயே அதன் வடிவத்தை வரைந்து நண்பருக்கு விளக்கினார்.

1884ஆம் ஆண்டு டெஸ்லா அமெரிக்கா சென்றார். அங்குத் தாமஸ் எடிசனின் தொழிலகத்தில் சில திங்கள் பணியாற்றிப் பின் விலகினார். அடுத்து அவர் தொடங்கிய தொழிலும் கைவிட்டுப் போயிற்று. 1886இல் அன்றாட உணவிற்காகக் குழி தோண்டும் கூலிவேலை செய்யும் நிலையையும் அவர் எய்தினார். துன்பம் அவரை வளைத்ததே அன்றி முறிக்கவில்லை. 1888இல் மின்பொறியாளர் மன்றத்தில் தம் மாற்று மின்னோட்டப் பொறியைப் பற்றி அவர் உரையாற்றினார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர் அதன் உரிமையைப் பெற்றார். 1893இல் சிக்காகோ உலகப் பொருட்காட்சி அம்முறையால் ஒளி பெற்றது. 1896ஆம் ஆண்டு நயாகரா நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்னாற்றல் இருபது மைலுக்கு அப்பால் உள்ள பஃபலோ நகரைச் சென்றடைந்தது.

கம்பியில்லாப் படகு

மின்னாற்றலைக் கம்பி வழியே நெடுந்தொலைவு செலுத்தியவர், அடுத்துக் கம்பியே இன்றிச் செலுத்துதல் கூடுமா என ஆராயத் தலைப்பட்டார். 1893இல் பிலடெல்பியாவிலும் செயின்ட் லூயிசிலும் இதுபற்றி உரையாற்றினார். 1895ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கில் இருந்த அவருடைய ஆராய்ச்சிக்கூடம் தீக்கிரையாயிற்று. பல ஆண்டு உழைப்பும், குறிப்புகளும், கருவிகளும் ஓர் இரவில் சாம்பலாயின. டெஸ்லா சோர்ந்து அமர்ந்துவிடவில்லை; வேறோர் இடத்தில் மீண்டும் தம் பணியைத் தொடங்கினார்.

அப்பணியின் பயனை 1898இல் உலகம் கண்டது. நியூயார்க்கில் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் பெருமண்டபத்தில் மின்பொருட்காட்சி நடைபெற்றது. அங்கு அமைந்த நீர்த்தொட்டியில் இரும்பாலான சிறு படகு ஒன்று மிதந்தது. அதில் ஆள் இல்லை; கரையோடு அதனைப் பிணைக்கும் கம்பியும் இல்லை. டெஸ்லா சற்றுத் தொலைவில் நின்று ஒரு பெட்டியின் கைப்பிடியை அசைத்தார். படகு புறப்பட்டது; இடப்புறம் திரும்பியது; வலப்புறம் திரும்பியது; நின்றது. அதன் விளக்குகள் அவர் விரும்பியவாறு எரிந்தும் அணைந்தும் காட்டின. கண்டோர் திகைத்தனர். இது மாயம் என்றனர் சிலர். எண்ணத்தாலேயே அவர் படகை ஏவுகிறார் என்றனர் வேறு சிலர். உள்ளே பழக்கிய குரங்கு ஒன்று ஒளிந்திருக்கும் என்று கூறியவரும் உண்டு.

உண்மையில் அங்கு மாயம் ஏதும் இல்லை. படகினுள் மின்கலங்களும், உந்துபொறியும், சுக்கானைத் திருப்பும் பொறியும் இருந்தன. டெஸ்லாவின் பெட்டியிலிருந்து எழுந்த மின்காந்த அலையைப் படகின் மேல் நின்ற கம்பம் ஏற்றது. அவ்வலை, உலோகத்துகள் நிரம்பிய சிறு குழாய் ஒன்றை அடைந்தது. சாதாரண நிலையில் அத்துகள்கள் மின்னோட்டத்தைத் தடுக்கும்; அலை வந்து தாக்கியவுடன் ஒன்றோடொன்று இணைந்து மின்னோட்டத்திற்கு வழிவிடும். அதனால் ஒரு சிறு காந்தம் இயங்கிச் சக்கரம் ஒன்றை ஒரு படி நகர்த்தும். சக்கரம் நிற்கும் படியைப் பொறுத்துச் சுக்கான் திரும்பும் அல்லது நிற்கும். பின்னர்க் குழாய் கவிழ்ந்து, துகள்கள் குலைந்து, அடுத்த அலையை ஏற்க ஆயத்தமாகும். இவ்வமைப்பிற்கு 1898ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. விண்ணப்பத்தைப் படித்த தலைமை ஆய்வாளர் அதனை நம்ப இயலாது நேரில் வந்து படகைக் கண்ட பின்னரே உரிமை வழங்க இசைந்தார் என்று டெஸ்லா தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

யார் குரல் என அறியும் வழி

மக்கள் வியந்து நின்ற இடத்தில் டெஸ்லா சிந்தித்து நின்றார். படகின் சக்கரம் ஓர் அலைக்கு ஒரு படி நகர்கின்றது. அவ்வலையைச் செலுத்தியவர் உரியவரா, அயலவரா என்று சக்கரம் எவ்வாறு அறியும்? அக்காலத்துக் கம்பியில்லாத் தந்திப் பொறிகள் தீப்பொறியால் அலைகளை எழுப்பின. குளத்தில் எறிந்த கல் எல்லாத் திசையிலும் நீரைக் கலக்குவது போல அவை வானவெளியைக் கலக்கின. வானத்து மின்னலும் அத்தகைய அலையை எழுப்பும். பிறிதொருவரின் பொறியிலிருந்து வழிதவறி வரும் ஓர் அலை போதும். வலம் திரும்ப வேண்டிய படகு இடம் திரும்பிவிடும். படகு ஒன்றாக இருக்கும் வரை இக்குறை தோன்றாது. பல படகுகளும், அவற்றைச் செலுத்துவோர் பலரும் தோன்றும் நாளில், எவர் ஏவலுக்கு எது பணியும் என்பதை எவரும் அறியார்.

இதற்கு முதல் மருந்து இசைவு. ஒவ்வொரு மின்சுற்றுக்கும் உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. செலுத்தும் சுற்றும் ஏற்கும் சுற்றும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்திருந்தால் ஏற்பது எளிது, இசையாவிடில் அரிது. மந்தையில் நூறு பசுக்கள் கதறினும் கன்று தன் தாயின் குரலுக்கே செவிசாய்ப்பது போன்றது இது. தம் படகும் தன்னை அழைக்கும் குரலை மட்டுமே அறிதல் வேண்டும் என்று டெஸ்லா விரும்பினார்.

ஆயினும், ஒரே ஓர் அதிர்வெண்ணை நம்புதல் போதாது என்பதையும் அவர் உணர்ந்தார். தற்செயலாகவோ வேண்டுமென்றோ அதே அதிர்வெண்ணில் பிறர் அலை எழுப்பினால் காவல் உடைந்துபோகும். ஆகவே 1900ஆம் ஆண்டு புதியதோர் அமைப்பிற்கு அவர் காப்புரிமை வேண்டினார். அதில் செலுத்தும் பொறி வெவ்வேறு அதிர்வெண்ணுடைய இரண்டு அலைகளை எழுப்பும். ஏற்கும் பொறியில் அவற்றிற்கு இசைந்த இரண்டு சுற்றுகள் இருக்கும். இரண்டும் ஒருங்கே அதிர்ந்தால் மட்டுமே பொறி இயங்கும். ஒன்று மட்டும் அதிர்ந்தால் இயங்காது. பெட்டகத்திற்கு இரண்டு பூட்டுகள் இட்டு, இரண்டு திறவுகோல்களும் கூடினாலன்றித் திறவாதபடி செய்வதை ஒப்பது இம்முறை. ஓர் அயல் அலை ஒரு சுற்றைத் தாக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கொள்வோம். மற்றொரு சுற்றைத் தாக்கும் வாய்ப்பும் அவ்வளவே என்று கொள்வோம். இரண்டையும் ஒருசேரத் தாக்கும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகின்றது. மூன்று, நான்கு என அலைகளைக் கூட்டினால் காவல் மேலும் வலுப்பெறும். இவ்வமைப்பிற்குரிய காப்புரிமைகள் 1903ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்தன.

அவர் அஞ்சியது வீண் அச்சம் அன்று என்பதை அதே ஆண்டு மெய்ப்பித்தது. 1903 ஜூன் திங்களில் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிறுவனத்தில் பிளெமிங் என்னும் அறிஞர் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பற்றி விரிவுரை ஆற்றினார். தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து செய்தி வந்து சேருவதைக் காட்டுதல் அவர் நோக்கம். அதற்கு முன்னரே பொறி தானாக இயங்கத் தொடங்கியது. எள்ளி நகையாடும் சொற்களைத் தட்டியது. நெவில் மாஸ்கலின் என்பவர் அருகிலிருந்த இடமொன்றிலிருந்து எளிய பொறியொன்றால் அவ்வலைகளைச் செலுத்தியிருந்தார். எவரும் குறுக்கிட முடியாதது எனப் பேசப்பட்ட முறையில் குறுக்கிடுதல் எத்துணை எளிது என்பதைக் காட்டவே அவர் அவ்வாறு செய்தார்.

வறுமையும் மறைவும்

தம் படகைப் போன்ற ஆளில்லா ஊர்திகள் நாட்டின் காவலுக்குப் பயன்படும் எனக் கருதிய டெஸ்லா, அதுபற்றி வாஷிங்டன் நகரில் அலுவலர் ஒருவரை அணுகினார். அவர் அதனைக் கேட்டுச் சிரித்துவிட்டார். உலகெங்கும் செய்தியையும் ஆற்றலையும் கம்பியின்றி அனுப்பும் நோக்குடன் 1901இல் லாங் தீவில் வார்டன்கிளிப் என்னும் இடத்தில் மாபெரும் கோபுரம் ஒன்றை அவர் எழுப்பத் தொடங்கினார். ஜே. பி. மார்கன் என்னும் செல்வர் 1,50,000 டாலர் அளித்தார். ஆனால், அவ்வாண்டு டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் மாகடலைக் கடந்து செய்தி பெற்றார். மேற்கொண்டு பொருள் கேட்டபோது மார்கன் மறுத்துவிட்டார். பணி நின்றது. 1917இல் அக்கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. அதே ஆண்டில் எடிசன் பெயரால் அமைந்த உயரிய பதக்கம் டெஸ்லாவுக்கு வழங்கப்பட்டது. கட்டிய கோபுரம் மண்ணில் வீழ, கையில் பதக்கம் ஏந்திய அவர் உள்ளம் என்ன எண்ணியிருக்கும் என்பதை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தை நியூயார்க்கு விடுதிகளில் தனிமையில் கழித்தார். பூங்காவிலுள்ள புறாக்களுக்கு இரை இடுவது அவருக்கு ஆறுதல் தந்தது. 1943ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7ஆம் நாள், தம் 86ஆம் அகவையில், விடுதி அறையிலேயே அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இசைவுச் சுற்றுகள் பற்றிய மார்க்கோனியின் காப்புரிமை ஒன்றில் முதன்மையான உரிமைகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. டெஸ்லா உள்ளிட்ட முன்னோரின் பணியையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அதனைக் கேட்க அவர் இல்லை.

விதைத்தது விளைந்தது

அவர் மறைவதற்குச் சில திங்கள் முன்னர், 1942 ஆகஸ்டுத் திங்களில், ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகைக்கும் ஜார்ஜ் ஆன்தெயில் என்னும் இசைவல்லுநருக்கும் ஒரு காப்புரிமை கிடைத்தது. வானொலி அலையால் செலுத்தப்படும் நீர்மூழ்கிக் குண்டை எதிரி தடைசெய்யாதவாறு, அலையின் அதிர்வெண்ணை நொடிதோறும் மாற்றிக்கொண்டே செல்வது அவர்தம் முறை. பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை, அஃதாவது 88 அதிர்வெண்களை அவர்கள் கருதினர். ஒரே அதிர்வெண்ணை நம்பியிருத்தல் கூடாது என்று டெஸ்லா கண்ட உண்மையே இங்கு வேறு வடிவில் வெளிப்பட்டது.

போரில் தோன்றிய இடர் அமைதிக்காலத்து விளையாட்டிலும் தோன்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிறு விமானங்களைச் செய்து வானொலி அலையால் பறக்கவிடும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பரவியது. வானொலி உரிமம் பெற்ற அமெச்சூர்கள் சிலர் தமக்குரிய 50 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், 53 மெகாஹெர்ட்சை அடுத்த அலைவரிசைகளில் தம் விமானங்களைச் செலுத்தினர். அதே பகுதியில் மற்றை அமெச்சூர்கள் ரிப்பீட்டர் என்னும் நிலையங்களை அமைத்தனர். மெலிந்து வரும் குரலை ஏற்று, வலுவாக்கி, வேறோர் அதிர்வெண்ணில் மீண்டும் பரப்புவது அந்நிலையத்தின் தொழில். மலைமேலும் உயர்ந்த கட்டடங்களின் மேலும் அவை நின்றன.

விமானம் செலுத்துபவர் கையிலுள்ள கருவியின் ஆற்றல் மிகச் சிறிது. விமானம் உயர எழ எழ, அவர் அலை மெலியும். மலைமேல் உள்ள நிலையத்தின் அலையோ தடையின்றி வந்து தாக்கும். அந்நிலையில் விமானம் தன்னைச் செய்தவரை மறந்து அயலவர் அலைக்குப் பணியும், சுக்கான் துடிக்கும், பல திங்கள் உழைத்துச் செய்த விமானம் சில நொடிகளில் தரையில் மோதிச் சிதறும். கீழே மக்கள் நிற்பின் அவர் உயிருக்கும் தீங்கு நேரும். விமானத்தார் அலை ரிப்பீட்டரில் புகுந்து உரையாடலைக் குலைத்தலும் உண்டு. இரு சாராரும் உரிமையுடையவரே. எவரும் பகைவர் அல்லர். வானம் ஒன்றாக இருந்ததே இடருக்குக் காரணம்.

இதற்கு மாற்று மூவகையில் வந்தது. முதலாவது, இடப் பங்கீடு. அமெச்சூர் பகுதியில் 50.8 மெகாஹெர்ட்ஸ் முதலாகப் பத்துத் தனி அலைவரிசைகள் விமானங்களுக்கென வகுக்கப்பட்டன. உரிமம் இல்லாதோர் வானூர்திகளுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஒதுக்கப்பட்டது. இரண்டாவது, ஒழுங்கு. பறக்கவிடும் திடல்களில் ஒரு பலகை நிறுத்தி, ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு முளையை வைத்தனர். அம்முளையைக் கையில் பெற்றவரே தம் கருவியை முடுக்கலாம். அது திரும்பும் வரை அதே அலைவரிசையை உடைய பிறர் காத்திருத்தல் வேண்டும். மூன்றாவது, அறிவு. 2000க்குப் பின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் கருவிகள் வந்தன. இவற்றுள் செலுத்தும் கருவிக்கு உரிய அடையாளம் ஒன்று உண்டு; அவ்வடையாளம் இல்லாத ஏவலை விமானம் ஏற்பதில்லை. பல கருவிகள் அதிர்வெண்களையும் இடைவிடாது மாற்றிக்கொள்கின்றன. தன் தலைவன் குரலை மட்டும் அறியும் ஊர்தி என டெஸ்லா கண்ட கனவு, ஒரு நூற்றாண்டு கடந்து சிறுவர் கையிலும் நனவாயிற்று.

முடிவுரை

டெஸ்லாவின் திருமேனிச் சாம்பல் இன்று பெல்கிரேடு நகரில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் பொற்கோளம் ஒன்றில் காக்கப்படுகின்றது. 1960இல் காந்தப் புலத்தின் செறிவை அளக்கும் அலகிற்கு அறிவியலார் டெஸ்லா எனப் பெயரிட்டனர். இவற்றினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறொன்று உண்டு. ஆள் இல்லாது பறக்கும் ஊர்தி ஒன்று, அலைகள் நெருங்கிய வானத்தில் வழி தவறாது சென்று, உரியவர் கைக்கு மீள்கின்ற ஒவ்வொரு முறையும், அச்சிறு படகு மீண்டும் ஒருமுறை மிதக்கின்றது.

காற்றையும் நீரையும் போல வானவெளியும் அனைவர்க்கும் பொது. பொதுவானதை ஆள்வதற்கு அறிவு வேண்டும்; பகிர்ந்துகொள்வதற்கு ஒழுக்கம் வேண்டும். முன்னதைத் தம் பொறிகளால் அளித்துச் சென்றார் டெஸ்லா. பின்னதைப் பேணுதல் அப்பொறிகளைக் கையாள்வோர் கடமையாகும்.